அல்போன்ஸ் ஒன்றும் செய்யவில்லை

பொருள்களை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். உடைந்ததைச் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "நான் ஒண்ணுமே பண்ணலீங்க" என்று சொல்லியபடி நிற்கும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. எந்தக் கணக்கெடுப்பிலும் இவர்களைத் தனியாகக் காட்டுவதில்லை. காட்டினால் நாட்டில் மற்ற எல்லாரும் சிறுபான்மையாகிவிடுவார்கள்.

இவர்களைப் பார்க்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். மிக்ஸி பழுது பார்க்கும் கடையிலோ, மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறையிலோ அரைமணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருங்கள். ஒருவர் வந்து பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைப்பார். என்ன ஆயிற்று என்று கடைக்காரர் கேட்பார். நேற்று வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது, திடீரென்று நின்றுவிட்டது என்பார் வந்தவர். கடைக்காரர் பொருளைக் கவிழ்த்துப் பார்ப்பார். நான்கு திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருக்கும். மூடியின் ஓரத்தில் காய் நறுக்கும் கத்தியால் நெம்பிய தழும்பு இருக்கும். உள்ளே போகிற வயரில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி சுற்றியிருக்கும். கடைக்காரர் நிமிர்ந்து அவரைப் பார்ப்பார். அவர் தெருவில் போகிற பஸ்ஸைப் பார்ப்பார்.

இவர்கள் பேசுகிற தமிழுக்கு இலக்கணமே தனி. பள்ளிக்கூடத்தில் நீங்கள் படித்த தமிழில் வாக்கியத்துக்கு எழுவாய் என்று ஒன்று வேண்டும். இவர்களுக்கு வேண்டாம். 'உடைத்தேன்' என்ற சொல் இவர்கள் வாயில் வராது, 'உடைந்துவிட்டது' வரும். கொட்டினேன் கிடையாது, கொட்டிவிட்டது. எரித்தேன் கிடையாது, எரிந்துபோயிற்று. உலகத்துப் பொருள்களெல்லாம் தாமே முடிவெடுத்து, தாமே நாள் குறித்து, இவர்கள் பக்கத்தில் நிற்கிற நேரமாகப் பார்த்து உயிரை விடுகின்றன. பாவம், இவர்கள் வெறும் சாட்சி.

தருமபுரிக்குப் பக்கத்து இண்டூர் அல்போன்ஸ் அப்படி ஒரு சாட்சி.

அல்போன்ஸ் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். ஊரில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமானாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். தெரியாதவர்களுக்கும் தெரிந்தவர்களைப் போலவே நிதானமாக எழுதிக் கொடுப்பார். ஆனால் வீட்டில் ஒரு பொருள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தம் போட்டால் போதும், அவருக்குக் கை பரபரக்கத் தொடங்கிவிடும். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு டெஸ்டர் நிற்கும். ஒருமுறை கூடத்து மின்விசிறிக்கு எண்ணெய் விட்டார். மறுநாள் அது எதிர்த்திசையில் சுற்றியது. காற்று மேலே போகிறதே என்று அவர் மனைவி இசபெல்லா கேட்டதற்கு, வோல்டேஜ் சரியில்லை என்றார் அல்போன்ஸ். கிரைண்டர் நின்றது, இஸ்திரிப்பெட்டி கருகியது, தண்ணீர்த் தொட்டியின் மிதவைப் பந்து தொட்டிக்கு வெளியே கிடந்தது. எதிலும் அவர் கை இல்லை.

இசபெல்லா ஒருமுறைகூட அவரிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டதில்லை. "சரி, யாரைக் கூப்பிடட்டும்?" என்று மட்டும் கேட்பார். தன்மேல் மனைவிக்கு இருக்கும் நம்பிக்கை அது என்று அல்போன்ஸ் முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இவர்களுடைய ஒரே மகள் அமுதா. மலையில் விளையும் சாமையையும் தினையையும் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். சித்தேரியிலும் வத்தல்மலையிலும் கொல்லை என்றால் மேட்டு நிலம்; ஒரு கொல்லைச் சாமை மாதிரி அடுத்த கொல்லைச் சாமை இருக்காது. ஒன்றின் கதிர் குனிந்து நிற்கும், இன்னொன்றின் கதிர் விரிந்து நிற்கும், மணியின் நிறமும் மாறும். மூன்று வருடமாக அவள் அந்த மலைகளில் ஏறி இறங்கி, விதைப்பிலிருந்து அறுப்பு வரை ஒவ்வொரு வகையையும் படம் எடுத்து வைத்திருந்தாள். படத்தில் இருக்கிற கதிரின் மணிகளைக் கம்ப்யூட்டரே எண்ணிச் சொல்ல வேண்டும். அவளுடைய பழைய லேப்டாப் நாலு படத்தைத் திறந்ததும் திணறியது. அதனால்தான் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைச் சொல்லிச் செய்ய வேண்டியதாயிற்று.

தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது வெண்மதியின் கடை. கேட்டவர்களுக்குக் கேட்ட மாதிரி கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுப்பார், பழுதும் பார்ப்பார். போனதும் விலையைச் சொல்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. அதில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும், வைக்கிற அறையில் ஓட்டுக்கூரையா காங்கிரீட்டா, சன்னலைத் திறந்தால் மண் வருமா என்று மருத்துவர் மாதிரி கேட்டுக்கொண்டு போவார். அமுதா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அல்போன்ஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதில் நீல வெளிச்சம் வருமா?

பொருத்துகிற அன்று அவரும் போனார். மூன்று மணி நேரம் வெண்மதியின் பின்னால் நின்று பார்த்தார், நடுவில் ஒருமுறை டீ குடிக்கக் கீழே போனதைத் தவிர. அந்த மூன்று மணி நேரத்தில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பெட்டியின் பக்கத் தகட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டே திருகாணிகள்.

எதுவானாலும் ஒரு போன் செய்யுங்கள், திறக்க மட்டும் வேண்டாம் என்று வெண்மதி சொல்லி அனுப்பினார். நான் எதற்கம்மா திறக்கப் போகிறேன் என்றார் அல்போன்ஸ். அதை அவர் மனமாரச் சொன்னார் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். இந்த இனத்தார் யாரும் முன்கூட்டியே திட்டம் போடுவதில்லை.

ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தை மாதத்தில் அமுதா பத்து நாள் வேலையாகச் சித்தேரிக்குக் கிளம்பினாள். முந்தைய வருடங்களின் படங்களுக்குக் கல்லூரியிலும் ஒரு பிரதி இருந்தது. கடைசிப் பருவத்துப் படங்கள் மட்டும், ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, வீட்டுக் கம்ப்யூட்டரின் பெரிய ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தன. ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு மாதம்தான் மிச்சம். கம்ப்யூட்டர் பக்கம் போக வேண்டாம் அப்பா என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அல்போன்ஸுக்கு மனசு கொஞ்சம் வலித்தது.

இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் காலையில் அவருக்கு ஒரு கவலை வந்தது. ஓடுகிற பொருளைச் சும்மா போட்டு வைத்தால் கெட்டுப்போகாதா? வண்டியைக்கூடத் தினம் ஒருதரம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறோமே? சுவிட்சைப் போட்டார். நீல வெளிச்சம் வந்தது. கூடவே உள்ளேயிருந்து ஒரு சத்தம். அது ஆறு மாதமாக வந்துகொண்டிருக்கிற ஃபேன் சத்தம்தான். ஆனால் அமுதா இல்லாத நேரத்தில் அதை அவர் முதல்தடவையாகக் கேட்டார்.

போனில் தேடியதும் ஒரு வீடியோ கிடைத்தது. கையுறை போட்ட ஒருவர், கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி தூசிதான் என்று ஆரம்பித்தார். அல்போன்ஸுக்கு அவரை உடனே பிடித்துப் போயிற்று. பதினோரு நிமிட வீடியோவில் ஏழு நிமிடம் பார்த்தார். மீதி தனக்கே தெரியும் போல இருந்ததால் நிறுத்திவிட்டார்.

பக்கத் தகடு வந்தது. புதிதாக வாங்கி வைத்திருந்த பெயின்ட் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தட்டினார். ஃபேனைத் தட்டினார். ஃபேன் ஓர் உலோகக் கட்டியின்மேல் உட்கார்ந்திருந்தது. அதன் அடியிலும் தூசி இருக்கும் என்று பட்டது. நாலு திருகாணியைக் கழற்றித் தூக்கினார். அடியில் பிராசசர் என்கிற அந்தச் சதுரச் சில்லின் தலைமேல், சாம்பல் நிறத்தில் பசை பசையாக ஏதோ அப்பிக் கிடந்தது. அவருக்குக் கோபமே வந்துவிட்டது. புதுப் பொருளில் இத்தனை அழுக்கா? பழைய பனியனைக் கிழித்து, கொஞ்சம் சானிடைசரில் நனைத்து, சில்லிலும் உலோகத்திலும் ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல் பளபளவென்று துடைத்து எடுத்தார். அடுப்படியிலிருந்து இசபெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லா மின்னுதுங்க," என்றார் இசபெல்லா. "அமுதாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அது அழுக்கு இல்லை. பிராசசரின் சூட்டை மேலே இருக்கும் உலோகத்துக்குக் கடத்திவிடுகிற பசை. அல்போன்ஸ் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் வெண்மதி அளவாக வைத்தது. அந்தப் பசை இல்லாவிட்டால் சூடு வெளியேற வழி கிடையாது. கொதிப்பு ஏறியதும் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பட்டென்று அணைந்துவிடும். வீடியோவில் அதைப் பற்றி எட்டாவது நிமிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். ஒரு திருகாணி மிஞ்சியது. கம்பெனிக்காரர்கள் ஒன்று அதிகமாகவே போட்டிருப்பார்கள் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுவிட்சைப் போட்டார். வந்தது. நாலு நிமிடத்தில் அணைந்தது.

நீங்களும் நானுமாக இருந்தால் அங்கே நிறுத்தியிருப்போம். (நிறுத்தியிருப்போமா?) அல்போன்ஸ் மறுபடி போட்டார். அணைந்தது. மறுபடி போட்டார். பன்னிரண்டு முறை அப்படி உயிர் வந்து உயிர் போனதில், படங்கள் இருந்த டிஸ்க் குழம்பிவிட்டது. பதின்மூன்றாவது முறை திரையில் ஓர் அறிவிப்பு: இந்த டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா? முப்பத்திரண்டு வருடம், மரியாதையாக எதிரே நீட்டப்பட்ட எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை அது. சரி என்பதை அழுத்தியது. டிஸ்க் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அல்போன்ஸ் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அமுதா மழையில் ஒதுங்க இடமில்லாமல் கேமராவை மட்டும் பாலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து இறங்கிய ஒரு சாயங்காலம் அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் அவர் செய்ததுதான் மோசம். டிஸ்க் காலியாகத் தெரியக்கூடாது என்று மட்டும் அவருக்குத் தோன்றியது. பெட்டியை மறுபடி திறந்து, மேசை விசிறியை அதற்கு நேராக வைத்தார். அதில் கம்ப்யூட்டர் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. போனில் சேர்ந்திருந்த காலை வணக்கப் படங்கள் தொள்ளாயிரத்தையும், கோயில் திருவிழா வீடியோ எட்டையும் அந்த டிஸ்கில் ஏற்றினார். ஏற்றி முடித்துப் பார்த்தார். திரை முழுக்க ரோஜாப்பூ. சாமைக் கதிர் இருந்த இடத்தில் ரோஜாப்பூவைப் பார்த்தால் மகள் ஏமாந்துவிடுவாளா? எல்லாவற்றையும் அழித்தார். டிஸ்க் மறுபடி காலி. இப்போதுதான் யாரும் ஒன்றும் செய்யாத மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் பெட்டியைப் போர்வையில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வெண்மதி கடைக்கு வந்தார். கடையில் இன்னொருவரும் இருந்தார். காரிமங்கலத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிற மாதேஷ். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் செய்யச் சொல்ல வந்தவர், என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

நேற்று வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது, திடீரென்று நின்றுவிட்டது, நான் ஒன்றுமே பண்ணவில்லை என்று அல்போன்ஸ் அந்த மூன்று வாக்கியங்களையும் வரிசை மாறாமல் சொன்னார். வெண்மதி பெட்டியைத் திறந்தார். சன்னலைத் திறந்தால் மண் வருகிற வீட்டில் ஆறு மாதம் ஓடிய பெட்டி. உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. அவருடைய கடையே அத்தனை சுத்தமாக இல்லை. தகட்டைத் திறந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் அல்போன்ஸ். வெண்மதி ஃபேனைத் தூக்கினார். ஒரு மூலையில் திருகாணி இல்லை. சில்லு கண்ணாடி மாதிரி மின்னியது.

"பேஸ்டே இல்லீங்களே சார்."

"நீங்க வெக்க மறந்துட்டிருப்பீங்கம்மா."

யோசித்துச் சொன்னதில்லை, அதுவாக வந்துவிட்டது. (பாருங்கள், இவர்களைப் பற்றிப் பேசினால் நமக்கும் அந்த இலக்கணம் ஒட்டிக்கொள்கிறது.) மாதேஷ் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார், நாலாக மடித்தார், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பன்னிரண்டு வருடமாக அந்தக் கடையை நடத்துகிற வெண்மதி அவர் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் திரும்பி, டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தபின் அவர் பேசியது அந்த டிஸ்கைப் பற்றித்தான்.

"பேஸ்டைப் பத்தி அப்புறம் பேசிக்கலாங்க சார். டிஸ்க் ஃபார்மட் ஆயிருக்குது. அதுக்கப்புறம் அதுல ஏதாவது போட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

அது ஏன் முக்கியம் என்றும் விளக்கினார். புத்தகத்தில் பொருளடக்கம் மட்டும் கிழிந்துபோன மாதிரி இப்போது. பக்கங்கள் உள்ளேயே இருக்கின்றன. அவற்றின்மேல் வேறு எதுவும் எழுதப்படவில்லை என்றால், அதே டிஸ்கில் பழைய பொருளடக்கத்தை எழுப்பிவிடலாம், சாயங்காலத்துக்குள் படங்கள் வந்துவிடும். எழுதப்பட்டிருந்தால் அந்த வழியில் போகவே கூடாது. போனால் மிச்சம் இருப்பதும் கலைந்துவிடும். அப்போது முழு டிஸ்கையும் முதலில் இன்னொன்றில் படியெடுத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அமுதாவுக்கு அவசரம் என்று தெரியும், அதனால்தான் கேட்கிறேன் என்றார்.

அல்போன்ஸ் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"ஒண்ணும் போடலீங்கம்மா."

"அப்ப மதியத்துக்கு மேல ஆரம்பிச்சுடறேங்க."

திரும்பிப் போகிற பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, வெண்மதி கெட்டிக்காரி, எப்படியும் எடுத்துவிடுவாள் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தபோதுதான் போன் அடித்தது. அமுதா. சித்தேரியில் சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறி வந்து பேசினாள். வீட்டுக்குப் போன் செய்தபோது கம்ப்யூட்டரைக் கடைக்கு எடுத்துப் போயிருப்பதாக அம்மா சொன்னார்களாம். நின்றுவிட்டதம்மா, படங்களும் தெரியவில்லை என்றார் அல்போன்ஸ்.

"நீங்க தொட்டீங்களாப்பா?"

"இல்லம்மா."

சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். இந்த இடத்தில் எதிரே இருப்பவர் ஒரு பெருமூச்சு விடுவார், அல்லது யாரைக் கூப்பிடட்டும் என்பார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். முப்பது வருடமாக அப்படித்தான்.

"எனக்குத் தெரியும்ப்பா," என்றாள் அமுதா. குரல் உடைந்திருந்தது. "நான் சொல்லிட்டு வந்த பிறகு நீங்க தொட மாட்டீங்க. அந்தக் கடைக்காரம்மாதான் ஏதோ பழைய பார்ட்டைப் போட்டு ஏமாத்தியிருக்காங்க. நான் வந்து கேட்டுக்கறேன். நீங்க மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

லைன் அறுந்தது.

அல்போன்ஸ் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்ன நடந்தது என்று அவருக்கே முதலில் புரியவில்லை. அவள் சந்தேகப்பட்டிருந்தால் அவர் கடைசி வரைக்கும் மறுத்திருப்பார். சத்தம் போட்டிருந்தால் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்திருப்பார். அதற்கெல்லாம் அவர் தயாராக இருந்தார். ஆனால் அவள் நம்பிவிட்டாள். இத்தனை வருடத்தில் அவர் சொன்னதை ஒருவர் நம்புவது இதுதான் முதல்தடவை. அது இந்த மாதிரி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அந்த ஒரு நொடியில் இசபெல்லாவின் 'சரி' எல்லாவற்றுக்கும் அர்த்தம் புரிந்துபோயிற்று.

பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினார். வெண்மதிக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. வேலையில் கை வைத்தால் போனை உள்ளே போட்டுவிடுவது வெண்மதியின் வழக்கம். மணி ஒன்றே முக்கால். எதிர்ப்பக்கம் டவுன் பஸ் வருகிற அடையாளமே இல்லை. தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு டெம்போவைக் கைகாட்டி நிறுத்தி, பின்னால் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே வந்தார். வெள்ளை வேட்டியில் தக்காளிச் சாறு வழிய, மருந்துக் கடைப் படிகளை இரண்டிரண்டாக ஏறினார்.

டிஸ்கை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, வெண்மதி மவுஸின்மேல் கை வைத்திருந்தார்.

"வேணாம்மா. நிறுத்துங்க."

வெண்மதி திரும்பிப் பார்த்தார். அல்போன்ஸ் மூச்சு வாங்கினார். சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் வாக்கியம் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. திறந்து கிடந்தது என்று ஆரம்பிக்கலாமா? துடைக்கப்பட்டது என்று?

"நான் திறந்தேன்," என்றார். "பேஸ்டை நான்தான் தொடச்சேன். அழுக்குன்னு நெனச்சேன். ஃபார்மட்டும் நான்தான் குடுத்தேன். அதுக்கு மேல தொள்ளாயிரம் படமும் எட்டு வீடியோவும் நான் போட்டேன். நான் அழிச்சேன்."

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்த திருகாணியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

வெண்மதி மவுஸிலிருந்து கையை எடுத்தார். ஒரு தாளை இழுத்து, படங்கள் எத்தனை, வீடியோ ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஓடும், எது முதலில், எது அப்புறம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாம் எழுதிய பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"இதைக் காலையிலயே சொல்லியிருந்தா ரெண்டு பேருக்குமே நல்லா இருந்திருக்குங்க சார்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

மூன்று நாள் ஆயிற்று. முழு டிஸ்கையும் படியெடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு படமாகப் பொறுக்கி எடுத்தார் வெண்மதி. நடுநடுவே ரோஜாப்பூக்கள் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தன. கடைசியில் நூற்று நாற்பது படங்கள் தவிர மற்றெல்லாம் வந்துவிட்டன. அந்த நூற்று நாற்பதும் வத்தல்மலையில் காளி என்பவருடைய ஒரே கொல்லையில், கதிர் பால் பிடிக்கும் வாரத்தில் எடுத்தவை. எட்டுத் திருவிழா வீடியோவும் சரியாக அவற்றின்மேல்தான் போய் உட்கார்ந்திருந்தன.

அமுதா வந்து தோளிலிருந்து பையை இறக்குவதற்குள் அல்போன்ஸ் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது இரண்டு இடத்தில் 'லேசாத்தான்' என்ற சொல் வந்தது; திருத்திக்கொண்டார். அவள் கையோடு தருமபுரிக்குப் போய் வெண்மதியைப் பார்த்துவிட்டு வந்தாள். அப்புறம் இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்பதைக்கூட அம்மா வழியாகத்தான் கேட்டாள். மூன்றாம் நாள், வத்தல்மலைக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றாள்.

போனார்கள். கொல்லையில் அறுப்பு முடிந்து தாள்தான் நின்றது. காளி விதைக்கென்று முறத்தில் எடுத்து வைத்திருந்த கதிர்களைக் கொண்டுவந்து வெயிலில் வைத்தார். அமுதா படம் எடுத்தாள். அல்போன்ஸ் குடையைப் பிடித்து நிழல் காட்டினார். வேறு எதையும் தொடவில்லை. முதிர்ந்த கதிர்தான் கிடைத்தது. பால் பிடித்த பருவத்துக் கதிர் அடுத்த வருடம் விதைத்தால்தான் உண்டு.

குறித்த தேதியில் ஆய்வேடு போயிற்று. கொடுப்பதற்கு முன்னால் அல்போன்ஸ் ஒருமுறை எடுத்துப் புரட்டினார். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில், அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: 'இக்கட்டத்துப் படங்கள் தொழில்நுட்பக் கோளாறினால் அழிந்துவிட்டன.' அதை இரண்டு தடவை படித்தார். அழித்தவர் பெயர் அதில் இல்லை. மகள் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாள்.

மகள் அவருக்குக் காட்டிய அந்தக் கருணை, இன்னொருவருக்கு அவர் கொடுக்காமல் வைத்திருந்த ஒன்றை ஞாபகப்படுத்தியது. வெண்மதி அதைக் கேட்கவே இல்லை. அதனாலேயே அவர் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பஸ் ஏறிக் காரிமங்கலத்துக்குப் போனார். சந்தை நாள், ஆட்டுக் கூட்டத்தையும் வெங்காய மூட்டைகளையும் தாண்டி விசாரித்து விசாரித்து மாதேஷின் ஸ்டுடியோவைக் கண்டுபிடித்தார். கல்யாண ஆல்பம் பார்க்க வந்திருந்த நாலு பேருக்கு முன்னால், அந்தக் கடையில் பசை வைக்க மறக்கவில்லை, துடைத்தவன் நான், அந்தம்மாமேல் பழி போட்டவனும் நான் என்று சொன்னார். காதுமடல் எரிந்தது. ஆனாலும் நின்று முழுதாகச் சொன்னார்.

மாதேஷ் ஆல்பத்தை மூடி வைத்தார். பிறகு அவரைக் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. குரலைத் தாழ்த்தி, இது போன வாரம் திடீரென்று நின்றுவிட்டது, இதையும் வெண்மதி பார்ப்பாரா என்று கேட்டார். அல்போன்ஸ் குனிந்து பார்த்தார். பக்கத் தகடு சரியாக மூடவில்லை. உள்ளேயிருந்து சூடு பட்டுச் சுருங்கிய வயர் ஒன்று எட்டிப் பார்த்தது; பக்கத்தில் ஒரு ஹேர் டிரையர் கிடந்தது.

அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாங்கிப் பிடித்து மாதேஷுடன் பஸ் ஏற்றிவிட்டு, போகிற வழியில் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு போங்கள் என்று மட்டும் சொன்னார். மாதேஷ் அந்த மாதமே வெண்மதியிடம் புதிய கம்ப்யூட்டருக்கும் சொல்லிவிட்டார். அல்போன்ஸ் பூரணமாகத் திருந்திவிட்டாரா என்று கேட்டால், டெஸ்டர் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் வீட்டில் ஏதாவது நின்றால், இசபெல்லா பழுதுக்காரருக்குப் போன் போட்டு அவரிடமே கொடுத்துவிடுகிறார். அவர் ஒருமுறை கனைத்துக்கொண்டு, நான் என்று ஆரம்பிக்கிறார்.

இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், சந்தோஷம். அந்தச் சிரிப்போடு உங்கள் கைபேசியை வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். மேல் மூலையில் ஆரம்பித்து நடுத்திரை வரைக்கும் ஓடுகிறதே ஒரு கீறல், அதைத்தான் கேட்கிறோம். மேசைமேல் வைத்திருந்தபோது தானாக நகர்ந்து போய் விழுந்தது என்றுதானே வீட்டில் சொல்லியிருக்கிறீர்கள்? நல்லது. அதற்குக் கால் எந்தப் பக்கம் முளைத்திருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.